கரையுற உப்பும் கரையாத கல்லும்

உப்பு தண்ணியில கரையும், சுண்ணாம்புக்கல் கரையாது. பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனா ராமநாதபுரம் கடற்கரையோட வரலாறு பாதி இதுக்குள்ளேயே இருக்குன்னு எனக்குத் தோணும்.

முதல்ல கணக்கு. 100 மில்லி நல்ல தண்ணீரில் சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் 36 கிராம் கரையும். ஜிப்சம் கால் கிராம்கூடத் தேறாது. கால்சியம் கார்பனேட் ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

1849-ல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வைத்து, எது எப்போது படிகிறது என்று பார்த்தார். கரையச் சோம்பல்படுவதுதான் முதலில் வெளியே வந்தது. கால்சியம் கார்பனேட், அடுத்து ஜிப்சம், அப்புறம் உப்பு. மெக்னீசிய உப்புகள் கடைசிவரை தண்ணீரை விடவில்லை.

உப்பளத்தில் பாத்தி மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது இதுக்குத்தாங்க. ஜிப்சத்தை முன்பாத்தியில் இறக்கிவிட்டு, 25 டிகிரி வந்ததும் உப்புப் பாத்திக்கு விடுவாங்க. 29, 30 டிகிரி தாண்டினால் மிஞ்சின கசப்புத் தண்ணியை வெளியேற்றிடுவாங்க. இல்லேன்னா உப்பு கசக்கும். 1974-ல் ஆரம்பிச்ச தமிழ்நாடு உப்புக் கழகத்தின் வாலிநோக்கம் உப்பளமும் இந்த வரிசையை நம்பித்தான் நடக்குது.

இப்போ அந்தக் கரையாத கல்லுக்கு வருவோம். பவளப்பாறை முழுக்க கால்சியம் கார்பனேட். கடல்ல கரைஞ்சிருக்கிற கால்சியத்தை எடுத்து, சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கான வருஷமா கட்டினது. தண்ணியில கரையாதுங்கிறதாலதான் மன்னார் வளைகுடாவில் தீவுகளே நிக்குது. அதே காரணத்தால வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் அதை வெட்டினாங்க. 1970-களில் ஆலைகளுக்கும் போச்சு. 1986-ல் தேசியப் பூங்கா அறிவிச்சப்போ கணக்கு 21 தீவு. அதுல பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள்ள போயிடுச்சு. பாறை அரணா இல்லேன்னா அலை மணலை அரிச்சிடும் இல்லையா? 2001-ல்தான் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இடம் கிடைச்சது.

இதோட முடியலை. காற்றில் கூடுற கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைஞ்சு அமிலத்தன்மையைக் கூட்டுது. பவளம் கூடு கட்டுறது அதனால கஷ்டமாகுது.

அள்ளின உப்பு அடுத்த கோடையில் திரும்பப் பாத்தியில் பூக்கும். வெட்டின கல் திரும்ப வளர எத்தனை தலைமுறை ஆகும்னு வெட்டினப்போ யாரும் கேட்கலை. கரையாதுன்னா தீராதுன்னு நினைச்சிட்டாங்க போல.