ஜூடோ வளர்ந்த வரலாறு

ஆற்றில் வெள்ளம் பெருகுங்கால் கரையில் நிமிர்ந்து நின்ற மரம் வேரொடு சாய்கின்றது. நாணலோ தலை வணங்கி நின்று, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் நிமிர்கின்றது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கலையொன்று ஜப்பான் நாட்டில் உண்டு. அதுவே ஜூடோ. 'ஜூ' என்பது நெகிழ்வு. 'டோ' என்பது நெறி. நெகிழ்ந்து வெல்லும் நெறி என நாம் பொருள் கொள்ளலாம்.

இதன் தாய் ஜுஜுத்ஸு என்னும் பழைய மற்போர்க் கலை. போர்க்களத்தில் படைக்கலம் இழந்த சாமுராய் வீரர் பகைவரை வெறுங்கையால் வீழ்த்தக் கற்ற முறைகள் நாளடைவில் தனித்தனிப் பள்ளிகளாயின. பள்ளிகள் தத்தம் நுட்பங்களை மறைபொருளாகக் காத்தன. 1868-இல் மெய்ஜி மன்னர் ஆட்சி மலர்ந்தது. மறவர் குடியினரின் பழைய உரிமைகள் நீங்கின. 1876-இல் அவர்கள் வாள் அணிவதும் தடை செய்யப்பட்டது. மேலைநாட்டுப் புதுமைகளில் மோகங்கொண்ட மக்கள் பழங்கலையைப் புறக்கணித்தனர். ஆசான்கள் பலர் மாணாக்கரின்றி வாடினர்.

அழியும் நிலையிலிருந்த அக்கலைக்குப் புத்துயிர் அளித்தவர் ஜிகோரோ கானோ. 1860-இல் பிறந்த அவர் இளமையில் மெலிந்த உடலினர். உடன் பயின்றோரின் துன்புறுத்தலுக்கு ஆளானவர். அதனாலேயே ஜுஜுத்ஸு கற்க விழைந்தார். டென்ஜின் ஷின்யோ, கிட்டோ என்னும் இரு பள்ளிகளின் முறைகளைப் பயின்றார். 1882-இல், தம் 21-ஆம் வயதில், டோக்கியோ நகரின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், 12 பாய்கள் விரித்த சிறிய இடத்தில் 'கோடோகான்' என்னும் பயிற்சிக் கழகத்தை நிறுவினார். தொடக்கத்தில் மாணாக்கர் 9 பேரே.

கானோ செய்த மாற்றம் யாது? பழமையை அவர் அவ்வாறே போற்றவில்லை, முற்றும் துறக்கவுமில்லை. ஊறு விளைக்கும் அடிமுறைகளைப் போட்டிப் பயிற்சியினின்று நீக்கி, 'கதா' என்னும் வரையறுத்த பயிற்சியில் மட்டும் நிறுத்தினார். வீழ்த்தக் கற்குமுன் ஊறின்றி விழக் கற்பித்தார். எதிரி தள்ளினால் இழுத்தும், இழுத்தால் தள்ளியும் அவன் நிலையைக் குலைத்தால் சிறியவனும் பெரியவனை வீழ்த்தலாம் என்று காட்டினார். ஆற்றலை நன்முறையில் பயன்படுத்துக, தாமும் பிறரும் நலமுற வாழ்க என்பன அவர் வகுத்த இரு கொள்கைகள். மறைபொருளாய் இருந்த போர்முறை இங்ஙனம் யாவர்க்கும் உரிய கல்வியாயிற்று.

அக்கல்வி கடல் கடந்தது. தாகூரின் அழைப்பை ஏற்று 1929-இல் நம் நாடு போந்த ஷின்சோ தகாகாகி என்னும் ஆசான், சாந்திநிகேதனத்தில் ஆண் பெண் இருபாலார்க்கும் ஜூடோ பயிற்றினார். 1909 முதல் ஒலிம்பிக் குழுவில் உறுப்பினராக விளங்கிய கானோ, 1938-இல் கெய்ரோ கூட்டத்திற்குச் சென்று திரும்புகையில் கப்பலிலேயே உயிர் நீத்தார். உலகப் போரில் ஜப்பான் தோற்றபின் பள்ளிகளில் இக்கலையைப் பயிற்றுவது தடை செய்யப்பட்டது. 1950-இல் அத்தடை நீங்கியது.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. நான்கு பிரிவுகளில் மூன்றில் ஜப்பானியரே வென்றனர். எடை வரம்பற்ற நான்காம் பிரிவின் இறுதிப் போட்டியில் ஹாலந்து நாட்டு ஆண்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவை வென்றார். களிப்பு மேலிட்டுத் தம் நாட்டினர் களத்தை நோக்கி ஓடிவரக் கண்ட கீசிங்க், கை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். வென்றவரும் தோற்றவரும் முறைப்படி வணங்கினர்.

அன்று தோற்றது ஜப்பானிய வீரர். வென்றது கானோவின் கல்வி. அயல்நாட்டவர் ஒருவர் உத்தியோடு பண்பையும் கற்றிருந்தார் அன்றோ? மறைத்து வைத்தபோது மங்கிய கலை, வழங்கியபோது வளர்ந்தது. தாய்மண்ணைப் பிரிந்து வாழும் நாம், நம் கலைகளைக் காக்கும் வகை குறித்து எண்ணுங்கால் இவ்வரலாற்றை மறவாதிருப்போமாக.