அப்பெண்டிசைட்டிஸ்

அடிவயிற்றின் வலப்பக்கம் வலித்தாலே வீட்டில் எல்லோரும் சொல்லிவிடும் பெயர். வயது அதிகமில்லை, 1886இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முன்பாதி லத்தீன்: 'அப்பெண்டிக்ஸ்', ஒட்டித் தொங்குவது. பின்பாதி கிரேக்கம். கலப்புத் திருமணம்தான்!

சுவையான கதை 'ஐட்டிஸ்' விகுதியுடையது. ஆதியில் அதற்குச் 'சார்ந்த' என்பதே பொருள். 'மூட்டு சார்ந்த நோய்' என்ற கிரேக்கத் தொடரில் 'நோய்' உதிர்ந்துபோக, 'ஆர்த்ரைட்டிஸ்' மட்டும் தனியே நின்றது. அழற்சி என்ற பொருள் பின்னால் ஏறியது. இது தெரிந்தால் ஹெபடைட்டிஸ் மிரட்டாது: 'ஹெபார்' கல்லீரல், மீதி அழற்சி.

தமிழில் அப்பெண்டிசைட்டிஸுக்குப் பெயர் குடல்வால் அழற்சி. 'அழல்' என்றால் நெருப்பு; சிவந்து, சூடேறி, வீங்கி வலிக்கும் நிலைக்குப் பொருத்தமான வேர்.