வினவும் காலம்: பீட்டர்லூ (1819), கோல்டுபாத் ஃபீல்ட்ஸ் (1833) நிகழ்வுகளும் பிரித்தானிய நாடாளுமன்றமும்

ஆய்வுச்சுருக்கம்

மக்கள் கூட்டம் ஒன்று வன்முறையால் கலைக்கப்பட்டபின், அதற்குப் பொறுப்பானவர்களைச் சட்டமியற்றும் அவை எப்போது வினவலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கடும் வாதத்திற்கு உள்ளானது. 1819ஆம் ஆண்டின் பீட்டர்லூ நிகழ்வில் நீதிமன்ற நடவடிக்கைகளைக் காரணம் காட்டி விசாரணை மறுக்கப்பட்டது. 1833ஆம் ஆண்டின் கோல்டுபாத் ஃபீல்ட்ஸ் நிகழ்வில் மூன்று மாதங்களுக்கு உள்ளாகவே தெரிவுக் குழு விசாரித்தது. விரைந்து வினவியதே முன்னேற்றம் என்னும் பொதுவான கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. வினவும் காலத்தைத் தீர்மானித்தவரே வினாவின் எல்லையையும் தீர்மானித்தார் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பீட்டர்லூ, கோல்டுபாத் ஃபீல்ட்ஸ், பெருநகரக் காவல் படை, தெரிவுக் குழு, மரண விசாரணை, ஜூரி.

முன்னுரை

நீதிமன்றத்திலோ விசாரணை ஆணையத்திலோ நிலுவையில் உள்ள பொருளை அவையில் விவாதிப்பது வழக்கமாக அனுமதிக்கப்படுவதில்லை. இந்திய மக்களவையின் நடைமுறை விதி 188 இதைத் தீர்மானங்களுக்கு வெளிப்படையாகவே வகுத்துள்ளது. விசாரணைக்குக் குந்தகம் நேராதெனில் அவைத்தலைவர் விலக்களிக்கலாம் என்ற இடமும் அதில் உண்டு. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில்தான் தமிழ்நாடு சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. இவ்விடைவெளியின் சரி தவறுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ‘விசாரணை முடியட்டும், பிறகு பேசலாம்’ என்னும் வாதத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வாதம் யாரால், எந்தச் சூழலில் முன்வைக்கப்பட்டது என்பதை அறியாமல் அதன் நியாயத்தை எடைபோட இயலாது. அவ்வரலாற்றின் தொடக்கநிலை நிகழ்வுகள் இரண்டு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1819: திறந்திருந்த நீதிமன்றங்கள்

மான்செஸ்டர் நகரின் செயின்ட் பீட்டர் திடலில் 1819 ஆகஸ்டு 16 அன்று நாடாளுமன்றச் சீர்திருத்தம் வேண்டி ஏறத்தாழ 60,000 பேர் கூடினர். அன்று அந்நகரில் இன்று நாம் அறியும் பொருளில் காவல் துறை இல்லை. நகர மாஜிஸ்திரேட்டுகள், துணைக் கான்ஸ்டபிள் ஜோசப் நாடின், அவருக்குக் கீழ்ச் சிறப்புக் கான்ஸ்டபிள்கள் என்பதே அமைப்பு. பேச்சாளர் ஹென்றி ஹண்டைக் கைது செய்யும் பிடியாணையைப் படையின் துணையின்றி நிறைவேற்ற இயலாது என்று நாடின் கூறவே, உள்ளூர் வணிகர்களையும் செல்வர்களையும் கொண்ட தன்னார்வக் குதிரைப்படை கூட்டத்திற்குள் அனுப்பப்பட்டது. அதனைத் தொடர்ந்து 15ஆம் ஹுசார் படையும் சென்றது. ஏறத்தாழ 15 முதல் 18 பேர் இறந்தனர். அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

அடுத்த சில நாட்களிலேயே உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபு, பட்டத்து இளவரசரின் நன்றியை மாஜிஸ்திரேட்டுகளுக்குத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். இக்காலவரிசை முதன்மையானது. விசாரணை கோரியவர்களிடம் ‘பொறுங்கள்’ என்று பின்னர் சொன்ன அரசு, தன் பாராட்டை வழங்குவதற்குப் பொறுத்திருக்கவில்லை. விசாரணை கோரி யார்க்‌ஷயரில் நடந்த கூட்டத்தை ஆதரித்தமைக்காக ஃபிட்ஸ்வில்லியம் பிரபு அம்மாவட்ட மேற்குப் பகுதியின் லார்டு லெஃப்டினன்ட் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கேட்டவர் தெருக்கிளர்ச்சியாளர் அல்லர், விக் கட்சியின் பெருநிலக்கிழார் என்பதை நோக்க, விசாரணை என்ற சொல்லே அன்று எத்துணை அச்சத்தை எழுப்பியது என்பது விளங்கும்.

நாடாளுமன்றம் நவம்பர் 23 அன்று கூடியது. விசாரணை வேண்டும் என்னும் திருத்தத்தைக் காமன்ஸ் அவையில் டியர்னியும் பிரபுக்கள் அவையில் கிரேயும் கொண்டுவந்தனர். காமன்ஸ் அவை அதை 381க்கு 150 என்ற வாக்குகளில் தள்ளியது. அரசுத் தரப்பின் முதன்மை வாதம், நாட்டின் நீதிமன்றங்கள் திறந்தே உள்ளன, குறையுடையோர் அங்குச் செல்லலாம், அவை தலையிட்டால் நிலுவையிலுள்ள வழக்குகளில் நடுநிலை கெடும் என்பதாகும்.

இவ்வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. காமன்ஸ் அவையின் குழுக்களுக்குச் சாட்சிகளிடம் பொதுவாக உறுதிமொழி பெறும் அதிகாரம் 1871 வரை இல்லை. உறுதிமொழியின்றிச் சொல்லப்பட்டு, அச்சிடப்பட்டு ஊரெங்கும் பரவும் சாட்சியம், பின்னர் வழக்கைக் கேட்கவிருக்கும் ஜூரிகளின் மனத்தைச் சாய்க்கும் என்ற கவலையில் உண்மை உண்டு. அக்கவலை குற்றம் சாட்டப்பட்ட ஹண்டுக்கும் பொருந்துவதே.

ஆயினும் எந்த வழக்குகள் நிலுவையில் இருந்தன என்று கேட்கும்போது வாதத்தின் மறுபக்கம் தெரிகிறது. குதிரைப்படையினர்மீது சாட்டப்பட்ட குற்றங்களை லங்காஸ்டரில் பெரு ஜூரி, அதாவது வழக்கு விசாரணைக்குத் தக்கதா என்று முன்கூட்டித் தீர்மானிக்கும் ஜூரி, செப்டம்பரிலேயே தள்ளிவிட்டது. காயத்தால் இறந்த ஜான் லீஸ் என்பவரைப் பற்றி ஓல்டமில் தொடங்கிய மரண விசாரணை நீண்ட ஒத்திவைப்பில் கிடந்தது. மரண விசாரணை அலுவலரும் ஜூரிகளும் சடலத்தை ஒருசேரப் பார்க்கவில்லை என்ற நடைமுறைக் குறையால் அது பின்னர்ச் செல்லாததாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியது அரசு ஹண்டுக்கும் அவர் தோழர்களுக்கும் எதிராகத் தொடுத்த வழக்கே. 1820 மார்ச்சில் யார்க்கில் நடந்த அவ்வழக்கில் ஹண்டு தம் தரப்பைத் தாமே வாதாடினார். இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் அங்குக் குற்றச்சாட்டு கூட்டத்தின் தன்மையைப் பற்றியது. படையினர் வீசிய வாளைப் பற்றியதன்று. ஆக, நாடாளுமன்றம் எந்த வினாவை நீதிமன்றத்திற்கு விட்டுக்கொடுத்ததோ, அந்த வினாவைக் கேட்கும் குற்றவியல் வழக்கு எதுவும் நடைபெறவில்லை.

1821 மே மாதத்தில் சர் ஃபிரான்சிஸ் பர்டெட் மீண்டும் விசாரணைத் தீர்மானம் கொண்டுவந்தார். பீட்டர்லூவைக் கண்டித்து வெளியிட்ட கடிதத்திற்காக அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே மூன்று மாதச் சிறையும் 2,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டவர் அவர். இப்போது ஹண்டின் வழக்கு முடிந்துவிட்டது. 1819இல் காட்டப்பட்ட தடையின் பெரும்பகுதி நீங்கிவிட்டது. தீர்மானம் 235க்கு 111 என்று தோற்றது. காரணம் போனபின்பும் மறுப்பு நின்றது. குதிரைப்படைத் தலைவர் பிர்லிமீது ரெட்ஃபோர்டு என்பவர் தொடுத்த உரிமையியல் வழக்கும் 1822 ஏப்ரலில் படையினருக்குச் சாதகமாக முடிந்தது.

1833: ஜூரி முந்திக்கொண்டது

பதினான்கு ஆண்டுகளில் நிலைமை பலவகையில் மாறியிருந்தது. 1829இல் பீலின் சட்டப்படி லண்டன் பெருநகரக் காவல் படை உருவானது. வாட்டர்லூவில் போரிட்ட சார்லஸ் ரோவனும் வழக்கறிஞர் ரிச்சர்டு மேய்னும் அதன் ஆணையர்கள். 1832இன் சீர்திருத்தச் சட்டத்திற்குப்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் காமன்ஸ் அவையில் வில்லியம் காபெட் போன்றோரும் இடம்பெற்றனர்.

உழைக்கும் வகுப்பினர் தேசியச் சங்கம் 1833 மே 13 அன்று கோல்டுபாத் ஃபீல்ட்ஸ் பகுதியில் கூட்டம் ஒன்றை அறிவித்தது. கூட்டம் சட்டவிரோதமானது என்று உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபுவின் ஆணைப்படி சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அவற்றில் யாருடைய கையெழுத்தும் இல்லை. கூட்டம் தொடங்கியதும் காவலர்கள் தடிகளுடன் நுழைந்து கலைத்தனர். அம்மோதலில் ராபர்ட் கல்லி என்னும் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். வேறு காவலர்களும் கத்திக்குத்துப் பட்டனர்.

கல்லியின் மரணத்தைப் பற்றிய விசாரணை, அவர் உயிர்விட்ட கால்தார்ப் ஆர்ம்ஸ் என்னும் மதுவிடுதியிலேயே நடந்தது. பதினேழு ஜூரிகள், சிறு வணிகர்கள். அவர்கள் வழங்கிய தீர்ப்பு ‘நியாயப்படுத்தத்தக்க கொலை’ என்பது. கலகச் சட்ட அறிவிப்பு வாசிக்கப்படவில்லை, கூட்டத்தைத் தடுக்க அரசு முன்கூட்டி உரிய நடவடிக்கை எடுக்கவில்லை, மக்கள் தூண்டாதபோதே காவலர்கள் கொடுமையாக நடந்துகொண்டனர் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். மரண விசாரணை அலுவலர் வற்புறுத்தியும் அவர்கள் மாற்றிக்கொள்ள மறுத்தனர். கொலையுண்டவர் கடமையிலிருந்த காவலர் என்பதையும், அவரைக் குத்தியவர் யார் என்று தெரியவில்லை என்பதையும் நோக்க, இத்தீர்ப்பு சட்டநோக்கில் வலுவற்றது என்றே கூற வேண்டும். அரசின் வேண்டுதலின்பேரில் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் அதை நீக்கியது. நகரமோ ஜூரிகளுக்குப் பதக்கமும் விருந்தும் அளித்துக் கொண்டாடியது. ஜூலையில் காவலர்களைக் குத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் ஃபர்சி ஓல்டு பெய்லியில் விடுதலை செய்யப்பட்டார். கல்லியின் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்நிலையில்தான் காமன்ஸ் அவையின் தெரிவுக் குழு ஆய்வில் இறங்கியது. 1819இல் நீதிமன்றம் அரசுக்கு அரணாக இருந்ததால் அவை விலகி நின்றது. 1833இலோ ஜூரி முறை இருமுறை அரசைக் கைவிட்டது. தீர்ப்பு நீக்கப்பட்டாலும் ஊராரின் மனத்திலிருந்து அதை நீக்க முடியவில்லை. விசாரணை விரைந்ததற்கு அவையின் சீர்திருத்தம் மட்டுமே காரணமன்று, ஜூரிகளின் சொல்லுக்கு மாற்றான இறுதிச் சொல் தேவைப்பட்டதும் காரணம் என்று கருத இடமுண்டு. ஜூரிகள் கேட்டவற்றுள் ஒன்று, கூட்டத்தை ஏன் முன்கூட்டித் தடுக்கவில்லை என்பது. அது அமைச்சரை நோக்கிய வினா. குழுவின் முடிவில் முன்னின்றதோ, கலைத்தபோது தேவைக்கு மேல் வன்முறை நிகழ்ந்ததா என்பது. அது காவலரை நோக்கிய வினா. குழு மொத்தத்தில் காவலர்கள் பக்கமே நின்றது; கூட்டம் சிதறியபின் நடந்த துரத்தலில் கட்டுப்பாடு தளர்ந்ததைக் குறைகூறியது. மெல்பர்ன் தந்த வாய்மொழி ஆணை என்ன என்பதில் உள்துறையும் ஆணையர்களும் கூறியவை ஒத்துப்போகவில்லை என்பது இவ்விசாரணையால் வெளிப்பட்ட மிக முதன்மையான செய்தி.

போபே விசாரணை: ஓர் ஒப்பீடு

அதே கோடையில் மற்றொரு தெரிவுக் குழு அமைந்தது. வில்லியம் போபே என்னும் காவல் சார்ஜென்ட், வறிய ஓவியராக வேடமிட்டுக் கேம்பர்வெல், வால்வொர்த் பகுதிச் சங்கத்தில் சேர்ந்து, கடுமையான பேச்சுக்குத் தோழர்களைத் தூண்டிவந்தார் என்று சங்கத்தினர் மனு அளித்தனர். மனுவை அவையில் வைத்தவர் காபெட். ஜூன் இறுதியில் மனு. ஆகஸ்டு 6இல் அறிக்கை.

இங்கு ஒருவரும் சாகவில்லை; நீதிமன்றத்தில் வழக்கில்லை; எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே குழு தனிமனிதரின் குற்றத்தோடு நின்றுவிடவில்லை. போபே மேலதிகாரிகளுக்கு அளித்துவந்த அறிக்கைகள், அவற்றைப் படித்தவர்கள் கேட்காமல் விட்டவை, சாதாரண உடையில் காவலரை அனுப்பும் வழக்கம் ஆகியவை வரை அதன் ஆய்வு சென்றது. போபேயின் செயல் கண்டிக்கப்பட்டது. மேலதிகாரிகளின் மேற்பார்வைக் குறை சுட்டப்பட்டது. சீருடையற்ற காவலரின் பயன்பாடு சட்டமீறலைக் கண்டறிதல், அமைதிக் காப்பு ஆகியவற்றின் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. போபே பணிநீக்கம் செய்யப்பட்டார்.

இரு குழுக்களும் ஒரே அவை அமைத்தவை, ஒரே கூட்டத்தொடரில், ஒரே காவல் படையைப் பற்றி. ஆயினும் உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வில் வினா காவலரின் தடியோடு நின்றது. உளவு நிகழ்வில் அமைப்பின் உள்ளறை வரை சென்றது. நிகழ்வு கொடியதாக இருந்தால் வினா ஆழமாகும் என்று எதிர்பார்ப்போம். 1833இல் நடந்தது மறுதலை. உளவு விசாரணையின் அறிக்கை வெளிவந்தபோது அவைக்குச் சில வாரங்கள் எஞ்சியிருந்தன. கோல்டுபாத் ஃபீல்ட்ஸ் அறிக்கையோ ஆகஸ்டின் பிற்பகுதியில்தான் அச்சுக்குச் சென்றது. அம்மாதம் 29ஆம் நாள் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது.