விருப்பப் பாடமாகவே நின்ற கணிப்பொறி

திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடப்பது பச்சைமலை. துறையூரை ஒட்டிய பகுதியில் வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்னும் நாடுகள் உள. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு அவர்களைக் கேரளத்தார் என மயங்குவோர் இன்றும் உளர். அவர்கள் தமிழ் பேசும் மலைமக்களே. அம்மலைப் பிள்ளைகளின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் நம் சேரிகளின் ஆதி திராவிடர் நலப் பள்ளிகளும் ஒரே துறையின்கீழ் இயங்குவன. ஆகவே அவர்தம் கல்விக் குறையை நாம் அயலார் குறையாக எண்ணுவதற்கில்லை.

1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை நம்மவர்க்கெனப் பள்ளிகளைத் திறந்தது. பொதுப் பள்ளிகளின் கதவு நமக்கு அடைபட்டிருந்ததே அதற்குக் காரணம். கணிப்பொறிக் கல்வியிலோ கதவு எவராலும் அடைக்கப்படவில்லை. 'விரும்புவோர் கற்கலாம்' என்றே சொல்லப்பட்டது. விரும்பினாலும் கற்பதற்குப் பள்ளியில் பொறி வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை!

1984இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வழங்கியது. தமிழ்நாட்டில் 1978இல் வந்த மேல்நிலைக் கல்வியில், பின்னர்க் கணிப்பொறி அறிவியலும் ஒரு விருப்பப் பாடமாயிற்று. இன்று பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் மொழியும் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. இது பாராட்டத்தக்கதே. ஆயின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடங்களே உள. கணிப்பொறி அவற்றுள் ஒன்றன்று. தேர்வில் இல்லாத பாடத்துக்குப் பாடவேளை ஒதுக்கப்பட்டாலும் அதனைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது நாம் யாவரும் அறிந்த நடைமுறை.

2011இல் சமச்சீர்க் கல்வியோடு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினிப் பாடம் வரவிருந்து, ஆட்சி மாற்றத்தில் கைவிடப்பட்டதெனக் கணினி அறிவியலில் பி.எட். முடித்த பட்டதாரிகள் இன்றும் முறையிடுகின்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. நம் வீடுகள் பலவற்றில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது அத்திட்டத்தாலேதான்; அதனைக் குறைத்துரைத்தல் நன்றி கொல்வதாகும். எனினும் அது மேல்நிலை மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்குமே கிடைத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருப்பூர்ப் பனியன் ஆலைக்கோ மரவள்ளிக் காட்டுக்கோ சென்ற பிள்ளையின் கைக்கு அது எட்டவில்லை. அப்படிச் செல்வோர் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அண்டை மாநிலமான கேரளம் வேறு வழி சென்றது. 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கி, உயர்நிலை வகுப்புகளில் அதனைக் கட்டாயப் பாடமாக்கிற்று. பத்தாம் வகுப்புத் தேர்விலும் சேர்த்தது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், விலையில்லாக் கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டதும் அவ்வரசின் அறிவுடைமை. இங்கிலாந்து 2014இல் ஐந்து வயதுக் குழந்தை முதற்கொண்டே கணிப்பொறிப் பாடத்தைத் தன் தேசியப் பாடத்திட்டத்தில் வைத்தது.

கட்டாயமாக்கினால் நம் பிள்ளைகள் தோல்வியுறுவர் என்று பரிவோடு சொல்வாரும் உளர். ஆங்கிலத்தைப் பற்றியும் இதனையே சொன்னார்கள். பாடம் கட்டாயமானால் ஆசிரியர் பணியிடமும் கட்டாயமாகும். பழுதுபட்ட பொறி பூட்டிய அறையில் கிடந்தால் கேட்க உரிமையும் பிறக்கும். விருப்பப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையெனில் அந்தப் பிரிவையே எடுத்துவிடுகிறார்கள். துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் 1964 முதல் இருந்துவருகிறது. அதே மாவட்டத்து மலைப் பள்ளியிலும் பத்தாம் வகுப்புக்கு முன்னரே ஒரு கணிப்பொறி ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.