நட்டஈடு தருமம் அன்று

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் வீதியில் காரைதீவைக் கடந்ததும் நிந்தவூர் வருகிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். கரைவலை இழுப்போர், வெட்டுக் கூலிக்காரர், உழவு இயந்திரம் ஓட்டுவோர், நெல் அவிக்கும் பெண்கள், அரிசி ஆலையில் மூட்டை சுமப்போர் என உடலுழைப்பினால் உயிர் வாழ்வோர் இக்கரையில் எண்ணற்றோர். இவர்களுள் ஒருவனது கை ஆலை இயந்திரத்தில் அகப்பட்டால் அடுத்து நடப்பது யாது? முதலாளி நல்லவராயின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுப்பார். வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி அனுப்புவார். பெருநாள் வந்தால் உடுபுடவையும் கொடுப்பார். ஊர் அவரை வாழ்த்தும். கையிழந்தவனும் வாழ்த்துவான். ‘நஸீபு’ என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்த நன்மனத்தை நாம் இகழவில்லை. ஆயினும் ஸதக்கா வேறு, கடன் வேறு என்பதை இவ்வூரில் சிறு பிள்ளையும் அறியும். ஸதக்கா கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது; கடனோ கொடுத்தே தீரவேண்டியது. வேலையில் இழந்த கைக்கு உரிய ஈடு கடன் வகையைச் சேர்ந்தது. இதைச் சட்டம் ஒப்புக்கொள்வதற்கு உழைக்கும் மக்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி முறிந்ததால் தொடையெலும்பு உடைந்தான். யூரிமார் அவனுக்கு 100 பவுண் வழங்கினர். மேல் நீதிபதிகள் அதை மறுத்துவிட்டனர். ஆபத்தான வேலையை வேண்டாமென்று சொல்லும் சுதந்திரம் அவனுக்கு இருந்ததாம்! பசியோடு வேலைக்கு வந்தவனின் சுதந்திரம் எத்தகையது என்பதை அந்த நீதிமன்றம் கேட்கவில்லை. உடன் வேலை செய்பவனின் தவறுக்கு முதலாளி பொறுப்பாளி அல்லர் என்ற கோட்பாடு இவ்வழக்கிலிருந்தே வளர்ந்தது.

ஆலைகள் பெருகின, ஊனமுற்றோரும் பெருகினர். சோசலிச இயக்கத்தின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய பிஸ்மார்க் 1884இல் ஜேர்மனியில் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1897இல் பிரித்தானியாவும் பணிந்தது. தவறு யாருடையது என்ற வினா பின்னே தள்ளப்பட்டு, விபத்து வேலையிலிருந்து எழுந்ததா, வேலையின்போது நிகழ்ந்ததா என்ற வினா முன்னே வந்தது. 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமோ ஒரு பட்டியலையே இணைத்துக்கொண்டது. முழங்கைக்கு மேல் வலக்கை போனால் உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு 70 பங்கு இழப்பு, இடக்கைக்கு 60, ஒரு கண்ணுக்கு 30, பெருவிரலுக்கு 25. மனித உடலைக் கூறுபோட்டு விலை குறிப்பது கொடுமைதான். ஆனால் பட்டியல் பிறக்குமுன் அந்தக் கைக்குச் சட்டத்தில் நிச்சயமான விலை எதுவும் இருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இலங்கைக்கு இது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்து, 1935இல் நடைமுறைக்கு ஏறியது. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் பெரி சுந்தரம். எனினும் அதற்கு முன்னரே 1923இல் கொழும்பில் பெரும் வேலைநிறுத்தம் நடந்திருந்தது, 1929இல் டிராம் தொழிலாளர் போராடியிருந்தனர், ஏ. ஈ. குணசிங்காவின் சங்கம் துறைமுகத்தையும் பட்டறைகளையும் விழிக்கச் செய்திருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமையும் கிடைத்தது. வாக்குப் பெற்ற தொழிலாளியின் உடைந்த எலும்பை ஆட்சியாளர் அதன்பின் காணாதிருக்க முடியவில்லை.

ஆனால் நகரத்து ஆலையையும் மலையகத் தோட்டத்தையும் மனத்திற் கொண்டு பிறந்த சட்டம் கடற்கரைக்கு வரும்போது தடுமாறுகிறது. அது முதலிற் கேட்பது, ‘உன் முதலாளி யார்?’ என்பதே. மீன்பாட்டில் பங்கு பெறும் கரைவலைக்காரன் என்ன விடை சொல்வான்? 1906ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், பங்குக்கு உழைக்கும் மீன்பிடிப் படகினரை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. வயலின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியைக் காக்க முனைந்தது. அவனுடைய வயலில் கூலிக்கு வெட்டுபவனை அது எண்ணிப் பிறந்ததன்று. 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் மீனவருக்கும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் சட்டமாயின. அவை நல்லவையே, எனினும் உழைப்பவனே தன் பணத்தைக் கட்டிச் சேரவேண்டியவை. பிறர் இலாபத்துக்காக உழைத்து ஊனமுற்றவனின் கடன் அங்கே தீர்வதில்லை.

அப்படியாயின் இங்குள்ள எல்லாருமே சட்டத்துக்கு வெளியிலா? இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்ற விதியில்லை, வாய்ச்சொல்லே போதும். தற்காலிக வேலை என்ற காரணத்தால் ஒருவன் விலக்கப்படுவது, அவ்வேலை முதலாளியின் தொழிலுக்குப் புறம்பானதாகவும் இருந்தால் மட்டுமே. முதலாளியின் வீட்டுத் தோட்டத்தில் ஒருநாள் புல் வெட்ட வந்தவன் விலக்கப்படலாம். ஆலையில் ஒருநாள் மூட்டை தூக்க வந்தவனை அவ்வாறு விலக்க முடியாது. அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வழி உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் நட்டஈட்டை ஆணையாளரிடமே செலுத்த வேண்டும். விதவையின் கையில் எதையோ திணித்துக் கணக்கைத் தீர்க்க முடியாது. 2022இல் நட்டஈட்டின் உச்ச வரம்பு 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் சேர்க்கப்பட்டன. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியற்றோர்க்கென 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது.

உரிமை ஏட்டில் இருக்கிறது. உடைந்த கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. விபத்து நடந்த நாளையும் வேளையையும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கண்டவர்களின் பெயரையும் அன்றாடக் கூலியையும் எழுதி வைக்க வேண்டும். வைத்தியரின் குறிப்பைப் பத்திரப்படுத்த வேண்டும். தாமதியாது முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, கோரிக்கையை ஆணையாளருக்கு அனுப்ப வேண்டும். ஊரின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு மாலைப்பொழுதில் செய்யக்கூடிய வேலை இது. விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் பாடவேளையில், விடுமுறை கேட்கும் கடிதத்தோடு இந்தக் கடிதத்தையும் நாம் கற்பிப்போமாக.