வீட்டு விற்பனைச் சந்திப்பில் பெயர் அட்டை

அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, தேநீரும் பலகாரமும் கொடுத்து, பொருள்களைக் காட்டி விற்பது மலேசிய இல்லத்தரசிகளுக்குப் பழகிய ஒன்று. சமையலறை டப்பா, அழகுச் சாதனம், சேலை எனப் பலவும் இப்படி விற்கப்படுகின்றன.

இம்முறையைப் பரவலாக்கியதில் அமெரிக்காவின் டப்பர்வேர் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. எர்ல் டப்பர் 1946இல் சந்தைக்குக் கொண்டுவந்த டப்பாக்கள் கடைகளில் சரியாக விற்பனையாகவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றும் விதத்தை யாராவது செய்துகாட்ட வேண்டியிருந்தது. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீட்டுச் சந்திப்புகளில் அதைச் செய்துகாட்டி விற்றார். 1951இல் அந்நிறுவனம் கடை விற்பனையைக் கைவிட்டு வீட்டுச் சந்திப்புகளுக்கே மாறியது.

பெயர் அட்டை எதற்கு?

வீட்டுக்காரருக்கு வந்தவர்கள் எல்லாரையும் தெரியும். முகவருக்குப் பெரும்பாலும் வீட்டுக்காரரை மட்டுமே தெரியும். விருந்தினர்களிலும் பலர் ஒருவருக்கொருவர் புதியவர்கள். ஒரே தாமானில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் “குமார் அம்மா”, “மூலை வீட்டு அக்கா” என்று மட்டுமே அறியப்படும் பெண்கள் உண்டு. அவர்களின் சொந்தப் பெயர் அந்த அட்டையில்தான் முதன்முறையாக மற்றவர் கண்ணில் படுகிறது. ஒருவருடைய ஆர்டர் இன்னொருவர் கணக்கில் சேர்ந்துவிடும் குழப்பமும் குறைகிறது.

என்ன எழுதுவது?

• எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறாரோ அதை விருந்தினரே எழுதட்டும். எழுதத் தயங்குபவரிடம் கேட்டு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கலாம்.

• மூத்தவர்களைப் பெயர் மட்டும் சொல்லி அழைப்பது நம்மிடையே வழக்கமில்லை. “லெட்சுமி அம்மா”, “சாந்தி அக்கா” என்று முறையோடு எழுதினால் அழைப்பவருக்கும் தயக்கம் இராது.

• மலாய், சீன அண்டைவீட்டார் வந்தால் ரோமன் எழுத்திலும் எழுத வேண்டும்.

• தடித்த மார்க்கர் பேனாவால், எதிரில் அமர்ந்தவர் படிக்கும் அளவில் எழுதவும்.

• கைப்பேசி எண், முகவரி போன்றவை அட்டையில் வேண்டாம். வாங்குபவர் சம்மதித்தால் ஆர்டர் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம். வணிகத்துக்காகத் திரட்டப்படும் இத்தகைய விவரங்களுக்கு 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

எங்கே அணிவது?

சேலை முந்தானை இடது தோளில் விழுவதால், வலது பக்கம் அணிந்தால் அட்டை மறையாது. ஒட்டும் அட்டை பட்டில் பசைக்கறையை விடக்கூடும். ஊசியோ ஓட்டை போடும். பட்டுச்சேலை உடுத்தியவருக்கும் தூடோங் அணிந்தவருக்கும் கழுத்தில் தொங்கவிடும் அட்டையே ஏற்றது. அட்டைகளையும் பேனாவையும் வாசலருகே ஒரு சிறு மேசையில் வைத்தால், உள்ளே வரும்போதே எழுதி அணிந்துகொள்வார்கள்.

முகவர் கவனிக்க வேண்டியது

பெயர் தெரிந்தபின் உரையாடல் எளிதாகும். அதே பெயரைச் சொல்லி, “நீங்கள் மட்டும் ஏன் இன்னும் வாங்கவில்லை?” என்று பலர் முன்னிலையில் கேட்டால், அது அழைக்கப்பட்டவரைச் சங்கடப்படுத்தும், அழைத்த வீட்டுக்காரரையும் தலைகுனிய வைக்கும். பொருள் வாங்காமல் போகிறவரும் விருந்தாளியே. புறப்படும்போது அவரையும் பெயர் சொல்லி வழியனுப்பினால், அடுத்த அழைப்புக்கும் அவர் தயங்காமல் வருவார்.