மலையேற்றத் தண்ணீர் பாட்டில்

மலையேறும்போதும் காட்டில் கூடாரமடித்துத் தங்கும்போதும் குடிநீர் கொண்டுசெல்ல உதவும் கலம். ஒரு காலத்தில் சுரைக்குடுக்கையும் தோல்பையும் செய்த வேலையை இன்று எவர்சில்வர், அலுமினியம், டைட்டானியம், பலவகைப் பிளாஸ்டிக்குகள் செய்கின்றன. எது ஏற்றது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும்: வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும், அதை எப்படிச் சுத்தம் செய்யப் போகிறோம்? நிறமும் மூடியின் அழகும் அதற்குப் பிறகுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. அதற்கு மேல் பாட்டில் சேர்க்கும் சுமையைப் பொருளின் அடர்த்தி சொல்லிவிடும். எவர்சில்வருக்குக் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம், டைட்டானியத்துக்கு 4.5, அலுமினியத்துக்கு 2.7, பாலிஎத்திலீனுக்கு 1 கிராமுக்கும் சற்றுக் குறைவு. டைட்டானியம் இலேசானது, உறுதியானது; விலைதான் கையைக் கடிக்கும்.

பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கு வந்தது ஆய்வகத்தின் வழியாக. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 1949-இல் தொடங்கிய நால்ஜீன் நிறுவனம் ஆய்வகங்களுக்கான பாலிஎத்திலீன் குப்பிகளைச் செய்தது. ஒழுகாத அந்தக் குப்பிகளை ஆய்வாளர்களே மலைப்பயணங்களுக்குத் தூக்கிச் செல்வதைக் கண்டு, 1970-களில் மலையேறுவோருக்கென்றே விற்கத் தொடங்கியது. பின்னர் கண்ணாடிபோல் தெளிவான பாலிகார்பனேட் பாட்டில்கள் பரவின. அவற்றிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் சிறிதளவு நீரில் கசிவதும், அது ஹார்மோன்களின் செயலில் குறுக்கிடக்கூடும் என்பதும் பேசப்பட்டன. 2008-இல் கனடா அதற்கு எதிராக நடவடிக்கை அறிவித்ததும், நால்ஜீன் டிரைடன் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு மாறியது. பிளாஸ்டிக்கோடு நின்ற சிக்கலும் அல்ல அது. அலுமினியம் புளிப்போடு வினைபுரியும் என்பதால் அந்தப் பாட்டில்களுக்கு உள்பூச்சு தேவை. தன் பழைய உள்பூச்சில் பிஸ்பீனால்-ஏ இருந்ததை ஸ்விட்சர்லாந்தின் சிக் நிறுவனம் 2009-இல் ஒப்புக்கொண்டது.

எவர்சில்வருக்கு உள்பூச்சு வேண்டாம். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 ரகம் மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் தாங்கும். கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. ஒற்றைச் சுவர் பாட்டிலின் மூடியைக் கழற்றிவிட்டு அடுப்பிலோ நெருப்பிலோ வைத்து ஓடைநீரைக் கொதிக்கவைக்கலாம். தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். வெளியே பெயின்ட் அடித்தது இதற்கு ஆகாது. வெந்நீர் ஆறாமல் காக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலை ஒருபோதும் நெருப்பில் வைக்கக் கூடாது. சுவர்களின் இடைவெளி அடைக்கப்பட்டிருப்பதால் சூட்டில் வெடிக்கக்கூடும். எடையும் அதிகம்.

அயோடின் மாத்திரை போட்டுச் சுத்தம் செய்பவர்களுக்குப் பிளாஸ்டிக்கே நல்லது. அயோடின் உலோகத்தை அரிக்கும். பிளாஸ்டிக்கில் கறையோடு போய்விடும். அமெரிக்காவின் நெடும்பாதைகளில் மாதக்கணக்கில் நடப்பவர்கள் பலர், கடையில் தண்ணீரோடு வாங்கிய மெல்லிய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள்: எடை மிகக் குறைவு, அதன் கழுத்தில் சிறிய வடிகட்டிகளை நேரடியாகத் திருகலாம். ஆனால் வெந்நீர் ஊற்றினால் பெட் சுருங்கிவிடும். கண்ணாடி மலைக்கு ஆகாது. செம்பில் வெறும் தண்ணீர் வைக்கலாம், புளிப்பானது எதுவும் கூடாது.

இமயமலையின் உறைகுளிரில் வெறும் உலோக விளிம்பில் ஈர உதடு ஒட்டிக்கொள்ளும். அங்கே வாய் அகன்ற பாலிஎத்திலீன் பாட்டில் வசதி. தண்ணீர் மேலிருந்து உறைவதால் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வாய் அடைபடாது. இரவில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, உறங்கும் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டு மலைகளில் சட்டமும் தேர்வில் தலையிடுகிறது. நீலகிரி மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு 2019 முதல் தடை உள்ளது; பதிலாகத் தண்ணீர் ஏடிஎம்கள் வைக்கப்பட்டுள்ளன. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இப்பகுதிகளில் ஒரு நாள் நடைக்கு ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலே போதுமானது.